ஆசிய விவகாரங்கள் குறித்த மாணவர் மாநாடு: எங்கள் கடலைப் பற்றி நான் எதைப் பேச வேண்டும்?

கேள்வி: தங்கச்சிமடம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தங்கச்சிமடத்தைச் சேர்ந்தவள். இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆசிய விவகாரங்களைப் பற்றி வரும் ஆகஸ்டு மாதம் கோலாலம்பூரில் பன்னாட்டு மாணவர் மாநாடு ஒன்று நடக்கவிருக்கிறது. அதில் கடல் எல்லைகளையும் கரையோர மக்களின் பிழைப்பையும் குறித்த அமர்வில் பத்து நிமிடம் பேச என்னைத் தேர்ந்தெடுத்திருப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் இதுவரை எவரும் விமானம் ஏறியதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டும் இல்லை. பங்கேற்புக் கட்டணம், பயணம், ஆங்கிலத்தில் பேசும் அச்சம் ஆகியவற்றைப் பற்றி அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

ஆனால் என்னை உறங்கவிடாதது வேறொன்று. என் அப்பா ராமேசுவரத்திலிருந்து போகும் விசைப்படகில் பங்குக்குத் தொழில் செய்கிறார். படகு அவருடையது அன்று. என் சித்தப்பா எல்லை தாண்டியதாகக் கைது செய்யப்பட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் அக்கரைச் சிறையில் இருந்து திரும்பினார். அவர் போன படகு திரும்பவில்லை. அந்த நாட்களில் சித்தி எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, யார் வீட்டுத் தொலைபேசி ஒலித்தாலும் எழுந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தில் நான் எழுதியதும் இதைத்தான்.

அமர்வில் பேசும் மற்றவர்களின் கட்டுரைச் சுருக்கங்களை இப்போது அனுப்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்து மாணவி. நம் கரையிலிருந்து போகும் விசைப்படகுகளின் இழுவைமடி, அதாவது கடலடியை வாரி இழுத்துச் செல்லும் வலை, இலங்கையின் வடபகுதி மீனவர்களின் வலைகளை அறுத்துச் செல்வதையும், அப்படகுகள் வரும் இரவுகளில் அவர்கள் கடலில் இறங்காமல் கரையிலேயே இருந்துவிடுவதையும் அவர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவும் மீனவர்தான். படித்து முடித்தபோது, அவர் குற்றம் சாட்டுவது என் அப்பாவைத்தான் என்ற எண்ணத்தை என்னால் விலக்க முடியவில்லை. வீட்டில் தமிழ் பேசும் இரண்டு மீனவர் மகள்கள், மூன்றாவது நாட்டில் ஒரு மேடையில் நின்று ஆங்கிலத்தில் ஒருவரை ஒருவர் மறுக்கப் போகிறோமா? சித்தப்பாவின் சிறையை நான் சொன்னால் அவர் தம் அப்பாவின் வலையைச் சொல்வார். அதைச் சொல்லாமல் விட்டால், என்னை அனுப்பிவைக்கும் ஊருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? போகலாமா, போனால் எதைப் பேசலாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: கீழக்கரை வாசகர்

தங்கச்சிக்கு வாழ்த்துகள். நான் கல்லூரியில் படித்த காலத்தில் இத்தகைய மாநாடு ஒன்றுக்குச் சென்றுவந்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன். முதலில் நடைமுறையை முடித்துவிடுவோம்.

தேர்வுக் கடிதம் வேறு, உதவித்தொகைக் கடிதம் வேறு. மாணவர்களே நடத்தும் பல மாநாடுகளில் தேர்வானவர்களும் கட்டணம் செலுத்த வேண்டும். பயணச்செலவைப் பெரும்பாலும் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே கட்டணச் சலுகை உண்டா என்று தயங்காமல் எழுதிக் கேளுங்கள், கேட்பவர்களுக்குக் கிடைப்பதுண்டு. மாநாட்டை நடத்தும் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் அதைப் பற்றிய அறிவிப்பு இருக்கிறதா, பணம் செலுத்தச் சொல்லும் கணக்கு நிறுவனத்தின் பெயரில் உள்ளதா, தனிமனிதர் பெயரில் உள்ளதா என்ற இரண்டையும் பார்க்காமல் ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம். என்னுடன் படித்த ஒருவர் இதைப் பார்க்காமல் பணம் கட்டி, விடுதிக் கூடத்தில் நாற்பது பேர் கூடிப் புகைப்படம் எடுத்துக் கலைந்த ஒரு நிகழ்ச்சிக்குத் தம் அம்மாவின் வளையலை அடகு வைத்துப் போய்வந்தார்.

பாஸ்போர்ட்டுக்கு இன்றே விண்ணப்பியுங்கள். நம் மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். காவல்துறைச் சரிபார்ப்புக்கு வருகிறவர்கள் வீட்டில் யாரும் இல்லை என்று திரும்பிப் போய்விட்டால் வாரங்கள் நீளும் என்பதால், அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் இருக்கட்டும். பெயரில் மிகுந்த கவனம் வேண்டும். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. விண்ணப்பப் படிவமோ இரண்டு கட்டங்களைக் காட்டிக் கேட்கும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியலாக இருப்பதைப் பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரித்து எழுதினால், மாநாட்டுப் பதிவிலும் விமானச் சீட்டிலும் அதே எழுத்துகள், அதே வரிசையில் இருக்க வேண்டும். நான் இதில் தவறி, விமான நிலையக் கவுண்டரில் ஒரு மணி நேரம் நின்றேன். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போய்வர முடிகிறது. புறப்படும் முன் விதி மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, சென்றுசேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகைப் படிவத்தை நிரப்புங்கள். திருச்சியிலிருந்து நேரடி விமானம் உண்டு. சென்னைக்கு அலைய வேண்டியதில்லை.

ஆங்கிலத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன். அங்கே வரும் கொரிய, வியட்நாமிய, இந்தோனேசிய மாணவர்களில் பலருக்கும் அது பள்ளியில் கற்ற மொழிதான். அவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். நீங்களும் அப்படியே பேசலாம்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்கு வருகிறேன். நான் போனபோது இந்தியப் பொருளாதார வளர்ச்சியைப் பற்றி வரைபடங்களுடன் பேசினேன். அனைவரும் மரியாதையாகக் கைதட்டினார்கள். ஒரு கேள்வியும் வரவில்லை. அன்று மாலை உணவு மேசையில் டாக்காவைச் சேர்ந்த ஒரு மாணவி, உங்கள் ஊரில் என்ன தொழில் என்று கேட்டார். கீழக்கரையில் தலைமுறை தலைமுறையாகச் சங்கு குளிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டார். பழைய டாக்காவில் சங்காரி பஜார் என்று ஒரு தெரு இருக்கிறது. திருமணமான இந்துப் பெண்கள் அணியும் சங்கு வளையல்களை அறுத்து இழைக்கும் கைவினைஞர்களின் தெரு அது. அவர் அந்தத் தெருவுக்கு அருகில் வளர்ந்தவர். சங்கு எங்கோ தெற்குக் கடலிலிருந்து வருகிறது என்று மட்டும் அவருக்குத் தெரியும். எந்தக் கடல், யார் மூழ்கி எடுக்கிறார்கள் என்று தெரியாது. எனக்கோ, எங்கள் ஊர்ச் சங்கு வங்காளத்துக்குப் போகிறது என்று தெரியும்; அங்கே அது யார் கையில் என்னவாகிறது என்று தெரியாது. விடுதிக் காவலர் விளக்கை அணைக்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அந்த மாநாட்டில் என் நினைவில் நிற்பது அது ஒன்றுதான். யாழ்ப்பாணத்து மாணவியிடம் உங்களுக்குத் தெரியாத பாதி இருக்கிறது, தங்கச்சி. மேடை ஏறும் முன்பே அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், ராமநாதபுரம்

மகளே, நீ வரலாறு படிக்கிறவள் என்பதால் ஒரு செய்தியைச் சொல்லித் தொடங்குகிறேன். சீனாவின் மஞ்சூரியாவை ஜப்பான் பிடித்த பின்னர் அதற்கும் அமெரிக்காவுக்கும் பகை முற்றிவந்த நேரத்தில், 1934 ஆம் ஆண்டு ஜப்பானிய மாணவர்கள் தாங்களே முயன்று அமெரிக்க மாணவர்களை டோக்கியோவுக்கு அழைத்து ஒரு மாநாடு நடத்தினார்கள். பின்னர் ஆண்டுதோறும் கூடினார்கள். போர் வந்தது, அவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் 1947 இல் மீண்டும் கூடினார்கள். 1939 இல் அதில் கலந்துகொண்ட கீச்சி மியாசாவா என்ற மாணவர் 1991 இல் ஜப்பானின் பிரதமரானார். மாணவர்கள் கூடிப் பேசி என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் எவரேனும் கேட்டால் இதைச் சொல்.

உன் பேச்சுக்குப் பின்புலமாகச் சிலவற்றைத் தெளிவாகத் தெரிந்துவைத்துக்கொள். 1974 ஜூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட உடன்பாடு, பாக் நீரிணைப் பகுதியை 'வரலாற்று நீர்ப்பரப்பு', அதாவது நெடுங்கால வழக்கத்தால் இரு நாடுகளுக்கும் உரிய கடல், என்று கொண்டு எல்லை வகுத்தது. கச்சத்தீவு எல்லைக்கு அப்பால் போனது. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே பயண ஆவணம் இன்றித் தீவுக்குச் சென்றுவரலாம் என்று அதன் ஐந்தாவது பிரிவு சொல்கிறது. மீன்பிடி உரிமையைப் பற்றி அது பேசவில்லை. 1976 மார்ச்சில் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னன. அந்தத் தீவின் அந்தோணியார் திருவிழாவுக்கு இரு கரையினரும் இன்றும் ஒரே கோயிலில் கூடுகிறோம். வலையோடு போனால் குற்றமாகிறது.

அதே 1974 இல், ஆசியாவின் மறுகோடியில், ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் ஒரு புரிந்துணர்வு உடன்பாடு செய்துகொண்டன. இந்தோனேசியாவின் ரோட்டே முதலிய தீவுகளின் மீனவர்கள் நூற்றாண்டுகளாகச் சென்றுவந்த, ஆஸ்திரேலியாவுக்கு உரிய ஆஷ்மோர் பவளத்திட்டுப் பகுதியில், இயந்திரம் இல்லாத பாய்மரப் படகுகளில் பழைய முறையில் தொழில் செய்யலாம் என்று அது இடம் தந்தது. எல்லை எல்லையாகவே இருந்தது. தொழில் செய்யும் முறையை வைத்து வழி திறந்தார்கள். அதிலும் குறைகள் உண்டு, ஆனால் அந்த யோசனை நமக்கு மிகவும் பயன்படும். 2016 ஜூலை 12 அன்று தென்சீனக்கடல் வழக்கில் வந்த நடுவர் தீர்ப்பும், ஸ்கார்பரோ திட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்குள் போகாமலே, பிலிப்பைன்ஸ் மீனவர்களுக்கும் சீன மீனவர்களுக்கும் அங்கே மரபுவழி உரிமை உண்டு என்றது. சீனா தீர்ப்பை ஏற்கவில்லை. அந்த நாடுகளின் மாணவர்கள் உன் அமர்வில் இருப்பார்கள்; அவர்களிடம் கேள்.

ஒரு எச்சரிக்கை. ஐ.நா. கடல்சட்ட உடன்படிக்கையின் 73 ஆவது பிரிவு மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறை கூடாது என்கிறதே என்று சிலர் உனக்கு எடுத்துக்கொடுப்பார்கள். அது தனிப்பொருளாதார மண்டலத்துக்கு, அதாவது கரையோரக் கடலுக்கு அப்பால் 200 கடல்மைல் வரை விரியும் பகுதிக்கு, உரிய விதி. பாக் நீரிணை அவ்வளவு அகலமானதன்று. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். வரலாற்று நீர்ப்பரப்பு என்று இரு அரசுகளும் ஒப்புக்கொண்ட இடத்தில் அந்தப் பிரிவை அப்படியே பொருத்த முடியாது. சட்டம் படித்த ஒருவர் எழுந்து இதைச் சொன்னால் உன் பேச்சு முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

இவற்றையெல்லாம் பத்து நிமிடத்தில் கொட்டிவிடாதே. கேள்வி வரும்போது பதில் சொல்வதற்காகவே இவை.

பதில்: ராமேசுவரம், விசைப்படகுக் குடும்பம்

நான் மாறுபட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படகு இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளை அயல்நாட்டில் போய், நம் படகு வலையை அறுக்கிறது என்று தன் வாயால் சொன்னால், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து எழுதுவார்கள். சிறையில் இருக்கிறவர்களின் பெயர் எங்கும் வராது. 1950களிலும் 60களிலும் இழுவைமடியைத் தொழில் முன்னேற்றம் என்று சொல்லிக் கடனும் மானியமும் கொடுத்து நம் கையில் திணித்தது யார்? அதை நம்பிக் கடன் வாங்கியவன் இன்று குற்றவாளி. 2017 இல் ஆழ்கடல் தூண்டில் படகுக்கு மாறும் திட்டம் வந்தது. படகின் விலை 80 லட்சம், அதில் 70 விழுக்காடு அரசு மானியம் என்றார்கள். மீதியைத் திரட்டியவனுக்கும், பாக் நீரிணையின் ஆழமில்லாத கடலில் பழகிய கைகளோடு, நாட்கணக்கில் கரை திரும்பாமல் சூரை மீனைத் தேடிப் போகும் தொழில் புதிதாக இருந்தது. இதையும் அந்த மேடையில் சொல்ல வேண்டும், மகளே. வலை அறுவதை மட்டும் சொன்னால் அது பாதி உண்மை.

பதில்: நாட்டுப்படகு, பாம்பன்

மேலே எழுதிய அண்ணனின் வருத்தம் எனக்குப் புரிகிறது. கடன் விஷயத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் இதை இரு நாட்டுச் சண்டையாக மட்டும் பார்க்கக் கூடாது. ராமேசுவரத்தில் வாரம் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை வைத்தது ஏன்? எங்கள் வழிவலையும் நண்டு வலையும் இழுவைமடியில் போனதனால்தான். அறுந்த வலையைக் கரையில் போட்டு அழுதவர்களில் என் தாத்தாவும் ஒருவர். அவரும் இந்த மண்ணில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை எழுதியதைப் படித்தபோது எனக்கு அவர் அயலவராகத் தெரியவில்லை. இரண்டு வகைப் படகும் இரண்டு வகைத் தொழிலும் மோதிக்கொண்டபோது நாள் பிரித்து வாழ்ந்த வழி நம் கரையில் இருக்கிறது. இந்தோனேசியா 1980 இல் இழுவைமடியைத் தடை செய்ததும் சிறுபடகுக்காரர்களுக்கும் பெரிய படகுகளுக்கும் நடந்த மோதலுக்குப் பிறகுதான் என்று படித்திருக்கிறேன். இதைச் சொன்னால் ஊரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

பதில்: மண்டபம் முகாம்

தங்கச்சி, நான் மன்னார்த் தீவில் பேசாலையில் பிறந்தேன். 1990 இல், எட்டு வயதில், அம்மாவின் மடியில் படகில் இருந்து தனுஷ்கோடி மணலில் இறங்கினேன். விடியும்போது எங்களைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல், தான் கொண்டுவந்த கஞ்சியைத் தூக்குவாளியோடு அம்மாவிடம் கொடுத்தவர் ராமேசுவரத்து மீனவர். அவர் விசைப்படகுக்காரரா, நாட்டுப்படகுக்காரரா என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

என் மாமாக்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். போர்க்காலத்தில் அவர்களைக் கடலில் நிம்மதியாக இறங்க விடவில்லை. 2009 க்குப் பிறகு நகைகளை விற்றும் கடன் வாங்கியும் புது வலை வாங்கினார்கள். அந்த வலையில்தான் இழுவைமடி விழுந்தது. ஒரே இரவில் எல்லாம் போனபோது மாமா தொலைபேசியில் பேசவே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. உங்கள் சித்தி திண்ணையில் எழுந்து நின்றதை வாசித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. இலங்கை 2017 இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தபோது மாமா மகிழ்ந்தார். இங்கே யாரோ ஒருவர் வீட்டில் அழுவார்கள் என்றும் அவரே சொன்னார்.

காற்றுக்கு அங்கேயும் வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்றுதான் பெயர். அந்த மாணவியிடம் பேசத் தொடங்குவதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தேவைப்படாது.

மீண்டும்: தங்கச்சிமடம் மாணவி

எழுதிய அனைவருக்கும் என் நன்றி. மண்டபம் அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

கட்டணச் சலுகை கேட்டு எழுதிவிட்டேன். இனிஷியலை அப்பாவின் பெயராக விரித்தே விண்ணப்பிக்கப் போகிறேன்.

நேற்று இரவு அப்பாவிடம், இழுவைமடியில் பிறருடைய வலை எப்போதாவது ஏறியிருக்கிறதா என்று கேட்டேன். இதுவரை கேட்டதில்லை. அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஏறும் என்றார். இருட்டில் தெரியாது, மடியைத் தூக்கும்போதுதான் மிதவையோடு சுருண்டு வரும், அதைப் பிரித்துக் கடலில் விடும்போது எவன் வீட்டுச் சோறோ என்று நினைத்துக்கொள்வேன் என்றார். இதை நான் மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். ராமேசுவரத்து அண்ணனின் பதிலையும் அவரிடம் சொன்னேன். கடனையும் சேர்த்துச் சொல், இரண்டையும் சொல் என்றார். ஆகவே இரண்டையும், வாரத்தில் நாள் பிரித்துக்கொண்ட எங்கள் கரையின் ஏற்பாட்டையும் சொல்லப்போகிறேன். சித்தப்பாவின் சிறையையும் விடப்போவதில்லை.

சின்னப்பாலத்தில் பிறந்த என் அம்மா தென்கடல் (மன்னார் வளைகுடா) தீவுகளில் கடற்பாசி எடுத்தவர். பாசி அழியாமல் இருக்க மாதத்தில் 12 நாள் மட்டுமே போவது என்று அங்கே பெண்கள் தாங்களாகக் கூடி முடிவெடுத்ததை அவர் நேற்றுதான் எனக்கு விரிவாகச் சொன்னார். நேரம் இருந்தால் அதையும் சேர்ப்பேன்.

யாழ்ப்பாணத்து மாணவிக்கு இன்று காலையில் தமிழில் கடிதம் அனுப்பினேன். வாடை தொடங்கும்போது அவர் அப்பா எந்த வலை இறக்குவார், எந்தெந்த இரவுகளில் கரையில் இருந்துவிடுவார் என்று கேட்டிருக்கிறேன். எங்கள் படகுகள் கடலுக்குப் போகும் நாட்களையும் எழுதியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே தெரிவிக்கிறேன்.